என்எஸ் மருத்துவ விவரம்: அரசாங்க வேலைக்குக் கையெழுத்துப் போடலாமா?

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர், மார்ச் 2

தம்பிக்கு ஓர் அரசாங்க அமைப்பில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. என்எஸ்-இல், அதாவது சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையில், ரூட் மார்ச்சில் விழுந்து முதுகுத் தட்டு நகர்ந்து, பெஸ் என்ற உடல்தகுதித் தரத்தை பி1-இலிருந்து சி9-க்கு இறக்கிவிட்டார்கள். வந்திருக்கும் படிவத்தில் "என் மருத்துவப் பதிவுகள் அனைத்தையும் பார்வையிட ஒப்புதல் அளிக்கிறேன்" என்று ஒரு வரி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் இப்படிக் கேட்கவே முடியாதாம். இங்கே போட்டுத்தான் ஆக வேண்டுமா? போடாவிட்டால் வேலை போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு, என் பதில்

இன்றைக்கே போட வேண்டாம். வேலை உறுதி என்று கடிதம் கைக்கு வந்துவிட்டதா, இல்லை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்கிறார்களா? கடிதம் கொடுத்த பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது இங்கே வழக்கம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. விண்ணப்பத்திலேயே "அனைத்தும்" என்று கேட்டால் சும்மா விடக் கூடாது.

நான் ஒரு வாரியத்தின் மனிதவளப் பிரிவில் நெடுநாள் இருந்து ஓய்வுபெற்றவள். எந்த வாரியம் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி வரிகளை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. பழைய படிவத்திலிருந்து வெட்டி ஒட்டியது. அதற்கு முந்தைய படிவத்திலும் அப்படியே இருந்திருக்கும். "அனைத்தும்" என்று வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டாமே என்கிற சோம்பல்.

மார்ச் 2, இன்னும் கொஞ்சம் பிந்தி

தூங்கப் போகுமுன் ஒன்று. பொய் எழுதச் சொல்லாதீர்கள். "முதுகில் காயம் உண்டா" என்று நேராகக் கேட்டிருக்கும் இடத்தில் "இல்லை" என்று எழுதி, பின்னால் மாட்டிக்கொண்டால் வேலையை விட்டு நீக்க அதுவே போதும். கேட்டதற்குப் பதில் சொல்லலாம். அதற்காகப் பத்து வயதில் வந்த ஆஸ்துமா முதல் எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டியதில்லை.

மார்ச் 3

கீழே ஒருவர் "மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு கதை.

எங்கள் அலுவலகத்தில் நேர்காணல் குழுவுக்கு ஓர் எக்செல் தாள் போகும். பெயர், படிப்பு, முந்தைய வேலை, எதிர்பார்க்கும் சம்பளம். கடைசியில் "ரிமார்க்ஸ்" என்று ஒரு பத்தி. அதில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. ஒரு வரிசையில் "இரண்டு மாத நோட்டீஸ்" என்று இருக்கும், அதற்குக் கீழே "பெஸ் இ9, பேக் (முதுகு)" என்று இருக்கும். அந்த ஆள் விண்ணப்பித்தது கணக்குப் பிரிவுக்கு. கணக்குக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?

கெட்ட எண்ணத்தோடு எழுதியதில்லை அது. "பாவம், ஸ்டோர் பக்கம் போட்டுவிடாதீர்கள், பெட்டி தூக்க வேண்டியிருக்கும்" என்று ஒரு மேலதிகாரி அக்கறையாகச் சொன்னதை ஒரு பெண் தட்டச்சு செய்து வைத்தாள். தாள் குழுவில் எல்லாருக்கும் மின்னஞ்சலில் போனது. ஒருவர், "இவர் அடிக்கடி எம்சி (மருத்துவ விடுப்பு) எடுப்பாரோ?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மதிப்பெண் தாளில் முதுகு என்ற சொல்லே வரவில்லை. வேலை மட்டும் அடுத்தவருக்குப் போனது. முதுகால்தான் போனதா என்று அந்தப் பையனாலும் நிரூபிக்க முடியாது, என்னாலும் முடியாது.

நான் பார்த்த கசிவுகள் பெரும்பாலும் இப்படி இரக்கப்பட்டுக் கசிந்தவை. வம்பு பேசுகிறவரையாவது வாயை மூடு என்று சொல்லலாம். நல்லது செய்வதாக நினைத்துச் சொல்கிறவரிடம் என்ன சொல்வது?

மார்ச் 3, மதியம்

அமெரிக்காவில் கேட்கவே முடியாது என்பது பாதிதான் சரி.

அங்கே மத்திய அரசு வேலைகளுக்கு 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டம் இருக்கிறது. 1990-இல் உடற்குறையுள்ளோருக்காக வந்த சட்டத்தின் விதிகளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. வேலை தருகிறோம் என்று சொல்லும்வரை "என்ன நோய், என்ன மருந்து" என்று கேட்கக் கூடாது. "இந்த எடையைத் தூக்க முடியுமா" என்று கேட்கலாம். நிபந்தனையோடு வேலை கொடுத்த பிறகு பரிசோதனை வைக்கலாம், ஆனால் அந்த வகை வேலையில் சேரும் எல்லாருக்கும் வைக்க வேண்டும். முன்னாள் சிப்பாய் என்பதற்காக ஒருவரை மட்டும் தனியாக அனுப்பக் கூடாது. வந்த அறிக்கை தனிக் கோப்பில் இருக்க வேண்டும். நம் ஊரில் ஊழியர் கோப்பை பி-ஃபைல் என்கிறோமே, அதில் சேரக் கூடாது. அந்த ஆள் என்ன செய்யக் கூடாது, அவருக்கு என்ன வசதி வேண்டும் என்பது மட்டும் மேலாளருக்குப் போகும்.

மீதிப் பாதி: 1944-இலிருந்து அங்கே படைவீரர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை உண்டு. புள்ளி முறையில் 5 அல்லது 10. காயத்தின் பேரில் 10 வேண்டுமென்றால் காயத்துக்குச் சான்று கொடுக்க வேண்டும். எஸ்எஃப்-15 என்று ஒரு படிவம், அதோடு முன்னாள் படைவீரர் துறையின் கடிதம். நாங்கள் கேட்கவில்லை, நீயாகத்தான் வந்து சொன்னாய் என்று ஆகிவிடுகிறது.

மார்ச் 4

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவருக்கு: எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் அங்கே இதில்தான் உழல்கிறான். படிக்கப் போனவன், மாவ்னி என்ற திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்டு குடியுரிமைக்கு வழி செய்த திட்டம் அது. பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் நிறுத்திவிட்டார்கள். தமிழ் தெரியும் என்று சேர்த்துக்கொண்டு கிடங்கில் சாமான் எண்ண வைத்தார்களாம். காதிலே இரைச்சல், ஒரு முழங்கால், இரண்டோடும் வெளியே வந்தான்.

வேலைக்குத் தகுதியானவர்கள் பட்டியல் மேலாளர் கைக்குப் போகும்போது பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்குமாம். சிபி என்றால் பாதிப்பு 10 விழுக்காடு முதல் 30-க்குள். சிபிஎஸ் என்றால் 30-உம் அதற்கு மேலும். நோய் என்ன என்று எழுதியிருக்காது. அதுவும் ஒரு தொல்லை. சிப்பாய், 30 விழுக்காடு என்றதும் பார்க்கிறவர் புத்தி நேராகப் போரில் மனம் கெட்டவன் என்றுதான் ஓடுகிறது. காதும் காலும் சேர்ந்தே அந்த எண் வரலாம் என்று யார் நினைக்கிறார்கள்?

கேட்காதே என்று ஒரு சட்டம், குறி போட்டுக் காட்டு என்று இன்னொரு சட்டம். இரண்டும் நல்ல எண்ணத்தில் வந்தவைதான்.

அவன் ஒரு காரியம் சரியாகச் செய்தான். துறையின் இணையத்தளத்தில் சலுகைக் கடிதத்தை எடுக்கும்போது எந்த விவரம் சேர வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மொத்த விழுக்காடு மட்டும் வரும்படி எடுத்து அனுப்பினான். நோய் நோயாகப் பிரித்து எழுதிய தீர்ப்புக் கடிதத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டான்.

மார்ச் 4, சாயங்காலம்

"அங்கேதான் ஹிப்பா இருக்கிறதே அக்கா" என்கிறவருக்கு: 1996-இல் வந்த அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது மருத்துவமனையையும் காப்புறுதிக்காரர்களையும். முதலாளி தன் ஊழியர் கோப்பில் வைத்திருக்கும் தாளுக்கு அது குடை பிடிக்காது. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்துக்கு ஹிப்பாவைக் கூப்பிட்டால் வராது. அரசாங்கத்தின் கையில் இருக்கும் பதிவுகளுக்கு 1974-இன் தனியுரிமைச் சட்டம் என்று வேறொன்று உண்டு. எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்று தொடங்கி, வரிசையாக விதிவிலக்குகளை அடுக்கும்.

மார்ச் 5

1974 என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அங்கே படையை விட்டு வரும்போது டிடி-214 என்று ஒரு தாள் கொடுப்பார்கள். வியட்நாம் காலத்தில் அதில் ஏன் வெளியே வந்தான் என்பதற்கு ஓர் எண் அச்சாகியிருக்கும். வாங்கிய சிப்பாய்க்கே அதன் பொருள் தெரியாது. வேலை கொடுக்கிற நிறுவனங்கள் சிலவற்றிடம் விளக்கப் பட்டியல் இருந்தது! குடிப்பழக்கம், குணக்கோளாறு, இப்படியெல்லாம். நல்ல பெயரோடு வெளியே வந்தவனுக்கும் வேலை கிடைக்காது, ஏன் என்றும் புரியாது. எதிர்ப்பு கிளம்பி 1974-இல் அந்த எண்ணை அச்சிடுவதை நிறுத்தினார்கள். பழைய தாள் வைத்திருந்தவர்கள் எண் இல்லாத புதிய தாள் கேட்டு வாங்கலாம் என்றும் சொன்னார்கள்.

இப்போது அந்தத் தாளில் இரண்டு வடிவம். சுருக்கமான பிரதியில் விலகிய காரணம் இருக்காது, முழுப் பிரதியில் 28-ஆம் கட்டத்தில் இருக்கும். அரசாங்க வேலைக்கு எதைக் கேட்கிறார்கள்? முழுப் பிரதியைத்தான். சுருக்கப் பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 6

சாவ் கெங் பசங்களுக்கு, அதாவது நோய் என்று நடித்துத் தப்பிக்கிறவர்களுக்கு, எல்லாம் என்ன தனியுரிமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, கெங் அடித்தவன் எவன், உண்மையிலேயே விழுந்தவன் எவன் என்று ராணுவ மருத்துவ அதிகாரி (எம்ஓ) பார்த்து முடிவு செய்தாயிற்று. அதை மறுபடி மனிதவளப் பிரிவில் ஒரு கிளார்க் முடிவு செய்ய வேண்டாம்.

ஆனால் உங்கள் கிண்டலில் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் சிப்பாய் என்பது மக்களில் சிறு பகுதி. இங்கே 1967-இலிருந்து ஏறக்குறைய எல்லா வீட்டு ஆண்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். படைவீரன் என்று தனி முன்னுரிமைப் புள்ளி இங்கே இல்லை, அரசாங்க வேலையில் என்எஸ் காலத்தைத் தொடக்கச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. அதற்குச் சேவை முடித்த சான்று போதும், பெஸ் எதற்கு? பதினெட்டு வயதில் ராணுவம் தன் தேவைக்குப் போட்ட எழுத்து அது. துப்பாக்கி தூக்கி ஓட முடியுமா என்பதற்கான விடை. முப்பது வயதில் நூலகத்திலோ கணக்குப் பிரிவிலோ உட்காரப்போகிறவனைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இருந்தாலும் நம்மவர்கள் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டே "நீ என்ன பெஸ்?" என்று கேட்கிறோம். கல்யாண வீட்டில்கூடக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 7

"தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுங்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். 2012-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. தனியார் நிறுவனத்திலும், ஒருவர் வேலைக்குத் தகுதியா என்று மதிப்பிடுவதற்காகத் தகவல் திரட்டச் சம்மதம் தேவையில்லை என்று ஒரு விலக்கு உண்டு.

அரசாங்கத்துக்கு 2018-இல் வந்த பொதுத் துறை ஆளுமைச் சட்டம். அனுமதியில்லாமல் தகவலை வெளியே கொடுத்த அதிகாரிக்கு 5,000 வெள்ளிவரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். கடுமையான சட்டம்தான். அதில் உங்கள் சம்மதத்துக்கு என்ன இடம் என்று பார்த்தால், பெரிய இடம் ஒன்றும் இல்லை. பூட்டு அதிகாரியின் கையில், சாவியும் அவர் கையில். அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நிமிடம் ஒன்றுதான் உங்களுடையது. யார் படிப்பார்கள், எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று அப்போதே கேட்க வேண்டும். போட்ட பிறகு கேட்டால் மரியாதையாகப் பதில் வரும், வேறொன்றும் வராது.

மார்ச் 9

ஞாயிறு முழுக்க ஒரு வாசகரின் தனிச்செய்தி மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குடிமைத் தற்காப்புப் படையில் இருந்தவர். "தீக்குள் என் பின்னால் வருகிறவனுக்கு வலிப்பு உண்டா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்கிறார்.

தெரிய வேண்டும். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அங்கே நோயின் பெயர்கூடத் தேவைப்படலாம், அதுவும் மருத்துவருக்கு மட்டும். அந்த மருத்துவர் "இவர் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம்" அல்லது "போகக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தால், தீக்குள் முன்னால் போகிறவருக்கு அது போதும். ஆனால் இதையே சாக்காக வைத்து மேசை வேலைக்கும் அதே நீளப் படிவத்தை நீட்டுகிறார்கள். தீயணைப்பு வீரருக்கு எழுதிய கேள்வியை நூலகருக்குக் கேட்கிற அலுவலகங்கள் உண்டு, ஏனென்றால் ஒரே படிவம் இருந்தால் நிர்வாகத்துக்குச் சுலபம்.

மார்ச் 10

மனநலம் பற்றி கேட்டவருக்குச் சுருக்கமாக: 2020 ஆரம்பத்திலேயே பொதுச் சேவை விண்ணப்பத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்திலும் உடற்குறை, மனநலம் இரண்டும் பாகுபாடு காட்டக் கூடாதவை பட்டியலில் இருக்கின்றன. இன்னும் பழைய படிவம் சுற்றிக்கொண்டிருந்தால் கேள்விக்குப் பதில் எழுதுமுன் படிவத்தின் தேதியைப் பாருங்கள்.

தேசிய மின்னணுச் சுகாதாரப் பதிவேட்டை வேலைக்கு ஆள் எடுக்கப் பார்க்கலாமா என்றும் கேட்டார். கூடாது. சிகிச்சைக்கான பதிவேடு அது, வேலைக்கும் காப்புறுதிக்கும் திறக்கக் கூடாது என்று சுகாதார அமைச்சு சொல்லி வந்திருக்கிறது. "அனைத்தும்" என்ற கையெழுத்து இதையும் சேர்த்ததா என்று கேட்டால் அலுவலகத்தில் முழிப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 12

"அரசாங்கத்திடம் இருந்தால் பத்திரம்" என்கிறவர், நல்லவர், அவரோடு சண்டை வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2006 மே மாதம், அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை ஊழியர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோன மடிக்கணினியும் வன்தட்டும் களவுபோயின. உள்ளே 26.5 மில்லியன் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகக் காப்பு எண். ஜூன் கடைசியில் கிடைத்துவிட்டன, ஆனாலும் வழக்கு நடந்து 2009-இல் 20 மில்லியன் டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். இங்கே 2018-இல் சிங்ஹெல்த்தில் 1.5 மில்லியன் பேர் விவரம் திருடுபோனது, அதில் 160,000 பேருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதும் சேர்த்தி. அடுத்த ஆண்டு எச்ஐவி பதிவேட்டின் 14,200 பேர். முதல் கதையில் திருடன், இரண்டாவதில் ஹேக்கர், மூன்றாவதில் பதிவேட்டைப் பார்க்க அதிகாரம் இருந்த மருத்துவரின் துணைவர்.

இன்னொரு கூத்து, அங்கே அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களில் ஏராளமானோர் முன்னாள் சிப்பாய்கள். சிகிச்சைக்கும் அதே மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். முறைகேட்டைப் புகார் செய்த ஊழியர்களின் மருத்துவப் பதிவைச் சக ஊழியர்கள் திறந்து பார்த்தார்கள் என்ற விஷயம் 2015-இல் நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனது. பக்கத்து மேசைக்காரர் உங்கள் நோயாளி அட்டையைத் திறக்க முடியும் என்றால் படிவத்தில் என்ன எழுதிக் கொடுத்து என்ன பயன்? நம் ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே அங்கேயே பிரசவம் பார்த்துக்கொண்ட தாதியரைக் கேளுங்கள், இந்தக் கூச்சம் அவர்களுக்குத் தெரியும்.

மார்ச் 15

உட்லண்ட்ஸ்காரர் திரும்ப எழுதியிருக்கிறார். கடிதம் வந்துவிட்டதாம், வேலை மேசை வேலை, மாதத்தில் சில நாள் வெளியே போய்ச் சோதனை செய்ய வேண்டும். அவருக்கு நான் எழுதிக் கொடுத்த வரி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

"இந்தப் பணிக்கு நான் உடல்தகுதி உடையவனா, ஏதேனும் கட்டுப்பாடு உண்டா என்பதை மட்டும் மருத்துவர் தெரிவிக்க ஒப்புக்கொள்கிறேன். நோயறிதல், பரிசோதனை முடிவு, தேசிய சேவைக் கால மருத்துவப் பதிவு ஆகியவற்றைத் தர வேண்டுமானால் காரணத்தைச் சொல்லித் தனியாகக் கேட்கவும்."

பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்து. அடிப்பதற்குப் பயமாக இருந்தால் முதலில் மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். ஆங்கிலத்தில் மரியாதையாக இரண்டு வரி போதும். தகராறு செய்கிறவன் என்று பெயர் வருமா? வரலாம். என் அனுபவத்தில், கேள்வி கேட்டவரைவிட எல்லாவற்றுக்கும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வந்து அழுதவர்களால்தான் எங்களுக்கு வேலை அதிகம்.

மார்ச் 21

அலுவலகம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டதாம். நான் எதிர்பார்த்ததுதான், யாரும் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

ஆனால் பரிசோதனை செய்த மருந்தகம் சொதப்பிவிட்டது. இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மருத்துவர் நிரப்ப வேண்டியது ஒரே பக்கம், மூன்று சின்னக் கட்டம்: தகுதி, கட்டுப்பாட்டோடு தகுதி, தகுதியில்லை. அவரும் ஒரு கட்டத்தில் சரி போட்டுத்தான் கொடுப்பார். முகப்பில் இருக்கும் பெண் அதன் பின்னால் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே அறிக்கை, நோயாளி தன் கையால் எழுதிய பழைய நோய்ப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து உறையில் போட்டுவிடுவாள். முழுசாகக் கொடுத்தால் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று. உறைமேல் "மனிதவளப் பிரிவு" என்று மட்டும் இருக்கும். காலையில் தபால் பிரிக்கிறவர் பிரிப்பார். எனக்குக் கீழே இருந்த தற்காலிக ஊழியர், பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை, விடுமுறைக்கு வந்தவள், அவள்தான் பிரிப்பாள்.

ஆகவே பரிசோதனைக்குப் போகிறவர்கள் முகப்பில் நின்று, "ஒரே பக்கம்தான் போக வேண்டும், மீதி என் கையில் கொடுங்கள்" என்று சொல்லி, உறை ஒட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏப்ரல் 2

வேலை கிடைக்காமல் போனவர்களின் தாள் என்ன ஆகும் என்று ஜூரோங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தனை பேரில் இதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

சேர்ந்தவர் தாளுக்கு ஒரு கோப்பு இருக்கிறது, கோப்புக்கு ஓர் ஆள் பொறுப்பு, தணிக்கைக்கு வருகிறவர் பார்ப்பார். சேராதவர் தாளுக்குக் கோப்பு கிடையாது. எங்கள் பிரிவில் அது "தேர்வாகாதவை" என்று எழுதிய ஓர் அட்டைப் பெட்டியில் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எப்போது அழிக்க வேண்டும் என்று விதி இருந்தது, யார் அழிக்க வேண்டும் என்று இல்லை. அலுவலகம் மாடி மாறியபோது பெட்டியும் கூடவே வந்தது. மின்னஞ்சலில் போன எக்செல் தாள்களை யார் தேடி அழிப்பார்கள் என்பது தனிக் கதை.

மறுப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே எழுதிக் கேளுங்கள்: என் மருத்துவத் தாள்கள் எங்கே இருக்கின்றன, யார் யாருக்கு அனுப்பினீர்கள், எந்தத் தேதியில் அழிப்பீர்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள். பதில் எழுத்தில் வரட்டும். வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து அதே கடிதத்தை மேலதிகாரிக்கும் நகல் போட்டு அனுப்புங்கள், பெட்டியைத் திறக்க அப்போதுதான் யாராவது எழுந்து போவார்கள்.